ஒற்றைக் கயிறு

மே மாதம். எட்டு டிகிரி.
நாகுவின் படகுத்துறையில் பாதிப் படகுகள்
இன்னும் தார்ப்பாய்க்குள்தான் தூங்குகின்றன.
ரூனார் துளைக்கருவியோடு வந்தான்.
ஒன்றரை வருஷமாக
வக்கீல் கடிதங்களில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.
ஆனால் மேல்தளத்துக்கு அடியில்
எங்கே கெட்டி மரம், எங்கே வெறும் நுரை என்பது
அவனுக்கு மட்டும்தான் தெரியும்.
அதற்காகக் கூப்பிட்டேன். அதற்காக மட்டும்.

"தானாகப் புரளும் பாயா?"
"ஆமாம்."
"காற்று செத்த நாளில் படகு நகராது."
"தெரியும்."
"பக்கக் காற்றில் பாயின் மேல்பாதி தொளதொளவென்று ஆடும்."
"தெரியும், ரூனார்."
ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினான்.
கழற்றாமல் ஏறக்கூடாது என்று
இந்தப் படகில் விதி வைத்தவனே அவன்தான்.

முன்கம்பியின் காலடியில்
அளவுநாடாவின் நுனியை நான் அழுத்திப் பிடிக்க,
மறுநுனியில் சுண்ணக்கட்டியை வைத்து
பாய்மரத்துக்கு முன்னால்
இடமிருந்து வலமாக ஒரு வளைவு இழுத்தான்.
கோணல். துடைத்தான்.
மறுபடி கோணல்.
மூன்றாவது வளைவு
சிரிக்கலாமா என்று யோசிக்கிற வாய் போல
தளத்தில் வெள்ளையாகக் கிடந்தது.

பதினான்கு துளைகள்.
ஒவ்வொன்றையும் அகலமாகக் குடைந்து
பிசின் ஊற்றி, உறைந்த பிறகு
அதன் நடுவில் மறுபடி துளைக்க வேண்டும்.
எட்டு டிகிரியில் பிசின் எங்கே உறையும்?
என் தலைமுடி உலர்த்தியைப் பிடித்துக்கொண்டு
முறைபோட்டு உட்கார்ந்தோம்.
மறுநாளும் அவன் வரவேண்டியதாயிற்று.

ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கினால் போதும்,
பத்து வருஷம் சத்தமில்லாமல் அழுகும்,
காலை வைத்தால்தான் தெரியும் என்றான்.
அதன்பிறகு கொஞ்ச நேரம்
உலர்த்தி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

முன்பு இரண்டு கயிறுகள்.
இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று.
சுக்கானில் அவன், வின்ச்சில் நான்.
"திரும்பலாமா?" என்பான்.
"தயார்" என்பேன்.
ஒன்றை விட்டு மற்றதை இழுத்து
தோள்மூட்டு கழலக் கழலச் சுற்றி
பாய் காற்றைப் பிடிக்கும் நேரத்தில்
அடுத்த பாறைத்தீவு வந்துவிடும்.
"திரும்பலாமா?"
"தயார்."
சில கோடைகளில்
நான் அவனிடம் சொன்ன ஒரே சொல் அதுதான்.

இப்போது ஒரே கயிறு.
வளைந்த தண்டவாளத்தில் ஓடும் குட்டி வண்டியிலிருந்து
பாய்மரத்தில் ஏறி, இறங்கி, தளத்தைக் கடந்து
என் முழங்கால்வரை வரும்.
பழைய கயிறுகளைச் சுருட்டி நீட்டினேன்.
ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான்,
துடுப்புப்படகைக் கட்ட ஆகும் என்று.
கூட வரட்டுமா என்று கேட்கவில்லை.
கேட்டுவிடுவானோ என்று
நான்தான் சீக்கிரம் கயிறவிழ்த்தேன்.

குறுகலான கால்வாய். எதிர்க்காற்று.
சுக்கானைத் தள்ளினேன்.
வண்டி சர்ரென்று நகர்ந்து
டக் என்று அந்தப் பக்கம் போய் நின்றது.
பாய் நிறைந்தது.
அவ்வளவுதான்.
என் வலது கை மட்டும்
வின்ச் கைப்பிடி இருந்த இடத்தில்
காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தேவையே இல்லாமல் பதினொரு முறை திரும்பினேன்.
கடல்வாத்துகள் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு
முணுமுணுத்தபடி விலகின.
பன்னிரண்டாவது முறை காற்று இளைக்க
வண்டி நட்டநடுவில் நின்றுவிட்டது,
இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல்.
சுக்கானைக் கட்டிவிட்டு முன்னே போய்
குதிகாலால் ஒரு உதை விட்டேன்.
நகர்ந்தது.

ஜூனில் ஒரு ராத்திரி நல்ல மழை.
தீவின் மறைவில் நங்கூரமிட்டுப் படுத்திருந்தேன்.
கைபேசி ஒளிர்ந்தது:
"ஒழுகுதா?"
படுத்தபடியே கையை உயர்த்தி
கூரையில் வரிசையாக நிற்கும் மறைகளை
ஒவ்வொன்றாகத் தடவினேன்.
ஒன்பதாவது லேசாக ஈரம்.
என் விரலின் ஈரமாகவும் இருக்கலாம்.
"இல்லை" என்று அனுப்பினேன்.