ஒரு சாண்

கேன்டீனை மூடும்போது சும்மா கொடுத்தார்கள்
அந்த நீலப் பீப்பாயை.
இருநூறு லிட்டர்.
வெள்ளரிக்காய் ஊறுகாய் இருந்தது அதில்.
சோடா மாவு போட்டு நான்கு முறை கழுவியும்
மூடியைத் திறந்தால்
சதகுப்பையும் வினிகரும் எட்டிப் பார்க்கின்றன.

ஹாலே நகரத்தின் விளிம்பில்
ரயில் பாதைக்கும் கம்பிவேலிக்கும் நடுவே
எங்கள் வாடகைத் தோட்டம், எண் எழுபத்தொன்று.
மூன்று கோடையாகப் பீன்ஸ்
பூவிலேயே கருகுகிறது.
ஜூலை வந்தால் சங்கத்தின் பொதுக்குழாயில் முறை வைக்கிறார்கள்:
ஒற்றைப்படை எண்களுக்குச் செவ்வாய், வெள்ளி மாலை.
நான் டிராம் ஓட்டுகிறவன்.
செவ்வாயும் வெள்ளியும்தான் எனக்கு மாலை ஷிஃப்ட்.

ஆகவே பீப்பாய்.
கொட்டகைக் கூரை பன்னிரண்டு சதுர மீட்டர்.
ஒரு மில்லிமீட்டர் மழைக்குப் பன்னிரண்டு லிட்டர்.
இல்காவிடம் சொன்னேன்.
மறுநாளும் சொன்னேன்.
மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்குமுன்
அவளே சொன்னாள்.

கூரையிலிருந்து இறங்கும் தகரக் குழாயை
இடுப்புயரத்தில் அறுத்தேன்.
அக்கம்பக்கத்துக்கெல்லாம் பல் கூசியிருக்கும்.
பீப்பாயின் வாய்க்கு
இல்காவின் கிழிந்த நைலான் காலுறை,
இலையையும் கொசுவையும் நிறுத்த.
வழிந்தோட ஒரு முழம் சைக்கிள் டியூப்.
கடைசியில் பித்தளைக் குழாய்.
அடியிலிருந்து நான்கு விரற்கடை விட்டுத் துளையிட்டேன்.
கடைசிச் சொட்டும் வீணாகக் கூடாதல்லவா.
ரப்பர் வளையம், வெள்ளை டேப், மூன்று முறுக்கு.
தட்டிக்கொடுத்தேன்,
ஓடப்போகும் குதிரையைத் தட்டுவது போல.

அன்றிரவே கொட்டித் தீர்த்தது.

விடிந்ததும் ஓடினேன்.
தளும்பத் தளும்ப நின்றது.
நீரின் மேல் ஒரு லிண்டன் இலை,
அதன் மேல் ஒரு எறும்பு.
பூவாளியைக் குழாயடியில் வைக்கப் போனேன்.
நுழையவில்லை.
வாளி நுழையவில்லை.
காபிக் கோப்பை நுழைந்தது,
படுக்கவைத்தால்.

இல்கா ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்
சிரிப்புத் தாங்காமல்.
"ஒரு சாண் உயர்த்தினால் போதும்," என்றேன்.
"இருநூறு கிலோ," என்றாள்.
"தூக்கு, பார்க்கிறேன்."

பிடித்த மழையைக் கொட்டினால்தான்
பிடிக்க இடம் சரியாகும்.
இதை எந்தக் கணக்கிலும் நான் சேர்க்கவில்லை.

வேலிக்கு அப்பால் ஹார்ட்முட் நின்றார்.
புதர் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டினால்
கடிதம் எழுதுகிறவர்.
ஒன்றும் பேசவில்லை. போனார்.
நீளமான ஒரு ஹோஸுடன் திரும்பி வந்தார்.
ஒரு முனையைப் பீப்பாயில் விட்டார்,
மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார்.
முகம் கோணியது.
"வெள்ளரிக்காய்," என்றார்.
அதுதான் இரண்டு வருடத்தில்
அவர் எங்களிடம் நேரில் பேசிய முதல் சொல்.

அவர் தோட்டம் கொஞ்சம் தாழ்வு.
தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.
நண்பகல்வரை குடித்தன
அவருடைய சிவப்புத் திராட்சைப் புதர்கள்.
அடியில் தங்கியதை
நான் பித்தளைக் குழாய் வழியே விட்டேன்.

பிறகு எட்டு கான்கிரீட் கற்கள், மட்டப்பலகை,
ஒரு பக்கம் அட்டை மடித்துச் செருகல்.
ஏற்றி வைத்தோம்.
பூவாளி நுழைந்தது,
தலைக்குமேல் இரண்டு விரல் மிச்சத்தோடு.
மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்,
காலிப் பூவாளியை.

அதன்பின் பத்தொன்பது நாள்
மேகம் வந்தது, போனது.
பீப்பாயைத் தட்டினால் தவில் மாதிரிச் சத்தம்.
ஹார்ட்முட்டின் புதர்கள் மட்டும்
வெட்கமில்லாமல் சிவந்தன.

இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை,
பாலத்தின் மேல் டிராம் ஏறும்போது
கண்ணாடியில் முதல் சொட்டு.
அப்புறம் சாலே ஆறே தெரியவில்லை.
நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்,
குடை இல்லை என்றார்கள்.
என் பக்கத்துக் கதவோரம் நின்ற பெண் கேட்டாள்,
"எதற்குச் சிரிக்கிறீர்கள்?"
பதினேழு மில்லிமீட்டர், என்று எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினேழு வந்தால் நிறைந்துவிடும்,
இப்போதே ஐந்து இருக்கும், ஆறு,

அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்தபோதுதான் நினைத்தேன்:

அன்று தண்ணீரை வடித்தபின்
குழாயை மூடினேனா?