இடது பின்னங்கை

"ஒரு மாதிரியா இருக்குதுங் நங்கையா."
மூன்று சுற்று ஓட்டிவிட்டுக்
கோகிலவாணி கொண்டுவந்த செய்தி அவ்வளவுதான்.

ஒரு மாதிரி என்றால் எத்தனை மில்லிமீட்டர்?
வாரம் ஆறு நாள் கணபதியில்
பம்புத் தண்டுகளை மைக்ரானில் அளப்பவள் நான்.
ஏழாம் நாள்
ஒன்றரைக் கிலோ பக்கி வண்டி முன்
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
இன்னொருத்தியின் 'ஒரு மாதிரி'யை
எண்ணாக்கப் பார்க்கிறேன்.

"பின்னாடி உதறுதா, வழுக்குதா?"
"வழுக்கறதில்லீங். மனசு மாறுது.
சோத்துக்கைப் பக்கம் திரும்பறப்ப மட்டும்."
நோட்டில் எழுதினேன்:
வலது வளைவு. மனசு மாறுது.

பொங்கலூருக்குத் தெற்கே
கறிக்கோழிப் பண்ணைக்குப் பின்னால்
பழைய சொட்டுநீர்க் குழாய்களை வளைத்துக்
கோடு கட்டிய செம்மண் தடம்.
விடியலில் டேங்கர் தண்ணீர் குடித்தபோது
களியாய்ப் பிடித்துக்கொண்டது சக்கரத்தை.
பத்து மணிக்குத் தோசைக்கல்.
மேலே மாவுப் புழுதி.
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் ஆடிக்காற்று
மேட்டில் எம்பும் வண்டியை
அந்தரத்திலேயே அரையடி
அக்கட்டால தள்ளி வைக்கிறது.

முதலில் ஷாக் ஆயில்.
முன்னூற்றைம்பதை வடித்துவிட்டு நானூறு ஊற்றினேன்.
குமிழி அடங்கும்வரை மூடக்கூடாது.
ஒன்று, இன்னொன்று,
வெகுநேரம் கழித்து மற்றொன்று:
கைமாத்து வாங்கினவன்
திருப்பித் தருவதுபோல் வந்தன.

"தேவலைங்" என்றாள்.

பின் ஸ்பிரிங்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினேன்.
கேம்பர் கம்பியை ஓர் ஓட்டை உள்ளே தள்ளினேன்.
வயிற்றுயரம் இருபத்திரண்டை இருபதாக்கினேன்.
ஒவ்வொரு முறையும் மேடையேறி ஓட்டி
இறங்கி வந்து
"தேவலைங், முன்னைக்கு."
அந்தத் தேவலையில் வண்டி பாதி
என் முகம் பாதி.
அதை எந்த ஓட்டையில் மாட்டுவது?

புதன்கிழமை பல்லடம் கோர்ட்டில் வாய்தா.
ரெண்டேக்கர் காடு, ஒரு கிணறு.
அவள் ஒரு பக்கம்.
அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், எதிர்ப்பக்கம்.
நான் யார் பக்க பெஞ்சில் உட்காருவேன் என்று
அவள் கேட்டதில்லை.
தடத்தில் நாங்கள் பேசுவதெல்லாம் டிகிரி.

இறுதி ஓட்டத்துக்கு இருபத்தைந்து நிமிஷம்.
வேறு வழி தெரியாமல்
நாலு ஷாக்கையும் கழற்றிவிட்டு
வண்டியைப் பெட்டிமேல் தூக்கி வைத்தேன்.
சக்கரம் தாங்கும் வலது பின்னங்கையை
உயர்த்தி விட்டேன். பொத்தென்று விழுந்தது.
இடது பின்னங்கையை
உயர்த்தி விட்டேன்.
பாதி வழியில் நின்று
யோசித்து
பிறகு இறங்கியது.

கீல்கம்பியை உருவி
செல்போன் கண்ணாடியில் உருட்டினால்
நொண்டுகிறது.
ஒரு மயிரிழை வளைசல்.
போன வாரம் எந்தக் குழாயில் மோதியதோ.
கம்பெனியில் இதே கம்பி வந்திருந்தால்
முதல் வேலையாக உருட்டிப் பார்த்து
சிவப்புத் தொட்டியில் போட்டிருப்பேன்.
இங்கே காலையிலிருந்து
வளைந்த கம்பிக்கு வைத்தியமாக
ஆயில், ஸ்பிரிங், கம்பி, உயரம்.

பக்கத்து மேசை யதுநந்தன்,
இறுதியில் எங்களோடு ஓட வேண்டியவன்,
கேட்டதும் புதுக் கம்பி எடுத்துத் தந்தான்.
மாட்டினேன். கை விழுந்தது.
இனி பழைய அளவுக்கெல்லாம் திரும்பணுமா?
பொய்க்காலுக்குத் தைத்த செருப்பில்
எது நிசக்காலுக்குப் பொருந்தும்?
நோட்டைப் புரட்டி
காலை ஏழு மணிக்கே போனேன்,
ஆயிலைத் தவிர.
அதை மாற்ற நேரமில்லை.

பத்துப் பேரில் ஆறாவது.
மூன்றாம் சுற்றில் காற்று கவிழ்த்தது;
பிறகு யாரையும் இடிக்கவில்லை.
இறங்கி வந்தாள், கழுத்தெல்லாம் செம்மண்.

"எப்படி?"
"ஒன்னுமே தெரீலீங் நங்கையா."

எழுதினேன்:
ஒன்றுமே தெரியவில்லை. மாற்றாதே.

வளைந்த கம்பியைக் கேட்டு வாங்கி
மணிபர்சில் போட்டுக்கொண்டாள்.
எதற்கென்று சொல்லவில்லை.