ஒரு சொல்லுக்குப் பயந்து

தாராவியில் எங்கள் மாடியறைக்கு
ஏணி ஒன்றுதான் வழி.
ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்குவேன்.
கும்பர்வாடாச் சூளைப் புகை என்றேன்.
தோல் ஒட்டும் பசையின் நெடி என்றேன்.
கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பதில் இருந்தது.

தொண்ணூறடிச் சாலைச் சுவரில்
தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்:
சளிப் பரிசோதனை, கட்டணம் இல்லை.
எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.
கூட்டும்போதே நின்றுவிடுவேன்.
சோதனை.
குழாயில் தண்ணீர் வருமுன்னே
முழங்காலில் நின்று
எதற்குள் எங்களை விட்டுவிடாதேயும் என்று
முப்பது வருடமாய்க் கெஞ்சுகிறேனோ
அதே சொல்.
கர்த்தர் விலக்கிவைத்ததைக்
கார்ப்பரேஷன் கூப்பிட்டுக் கொடுத்தால்
வாங்கலாமா?

இப்படித்தான் தவசிமுத்துவையும் தடுத்தேன்.
இரண்டு மழைக்காலம் இருமினார்.
தலையணை உறையில் துருவின் நிறம்.
நர்ஸ் வந்து ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனாள்.
அதில் நான் பித்தான் போட்டு வைத்தேன்.
"உமக்கு விசுவாசம் இருக்கா இல்லையா?" என்றேன்.
இருக்கு என்று தலையசைத்தார்.
அது என் மேல் வைத்த விசுவாசம்.
சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது
டாக்டர் கேட்டது ஒரே கேள்வி:
இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?
ஜெபம் செய்தோம் என்றேன்.
அவர் முகத்தில் கோபமே இல்லை.
இன்னும் உறுத்துவது அதுதான்.

மார்ச் மாதம்.
கிதியோனுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு.
போர்வைக்குள் இருந்தே சொல்கிறான்:
"நான் போகல.
நீ சொல்ற சோதனை
திர்க்கி வீட்டு இந்தி ஜெபத்துல பரீக்ஷா.
பரீக்ஷாக்குள்ள விடாதேன்னு தினமும் கேட்டுட்டு
நீயே என்னை அனுப்புவியா?"

சிரிப்பு வந்தது.
சிரிப்பின் வாலைப் பிடித்து இருமல் வந்தது.
"எழுந்திரிடா. அது வேற, இது வேற.
பரீட்சை எழுதினாத்தானே
என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு தெரியும்?"
சொன்ன வாயை
என்னால் மூட முடியவில்லை.

அவன் இறங்கிப் போனான், செருப்பைத் தேய்த்துக்கொண்டே.
பசை டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
கிதியோன் என்று பெயர் வைத்தது நான்தான்.
அந்தப் பழைய கிதியோன்
களத்தில் தோலை விரித்துக்
கர்த்தரையே சோதித்தவன்.
ஒரு ராத்திரி தோல் மட்டும் நனையட்டும்,
மறு ராத்திரி தோல் மட்டும் காய்ந்திருக்கட்டும் என்று
என்ன துணிச்சல்!
பரலோகம் கோபிக்கவில்லை.
இரண்டு ராத்திரியும் பனியாலேயே பதில் சொன்னது.
என்னைச் சுற்றிக் கருப்பும் பழுப்புமாய்த் தோல்.
பதினைந்து வருடம்
இதன் நடுவில் உட்கார்ந்து
பை தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பித்தான்களை மடியில் கொட்டினேன்.
டப்பாவைக் கழுவிக் கொண்டுபோனேன்.
"இது பழசு, வேற தர்றேன்" என்றாள் நர்ஸ்.
எதன் பழசு என்று அவளுக்குத் தெரியாது.

காசம்தான். ஆறு மாதம் மாத்திரை.
சிறுநீர் செம்மண் கரைசல்போல் போகும், பயப்படாதே என்றாள்.
முன்னாடியே சொல்லிவிட்டதால்
பயமில்லை.

அறியாமல் செய்தவர்களுக்குச்
சிலுவையிலிருந்தே ஒரு மன்னிப்பு உண்டு.
தவசிமுத்துவின் இரண்டு மழைக்காலங்களை
அதன் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.
எடுத்துக்கொள்ளப்பட்டதா, தெரியாது.
ஆனால் அந்த மன்னிப்பு
நேற்று வரைக்கும்தான் செல்லும்.
இப்போது எனக்குத் தெரியுமே.

ஜெபத்தில் அந்தச் சொல் வரும்போது
இன்றும் கொஞ்சம் நிற்கிறேன்.
பின்வரிசையில் யாராவது இருமுகிறார்களா
என்று கேட்பதற்காக.

எதிர்ச் சந்தில் ரெபேக்காள்
மூன்று வாரமாய் இருமுகிறாள்.
சூளைப் புகையாம்.
முந்தானையில் ஒரு புது டப்பாவை முடிந்துகொண்டு
அவள் வீட்டு ஏணியில் ஏறுகிறேன்.
ஏழாவது படியில் நின்று
மூச்சு வாங்கிக்கொண்டு
கூப்பிடுகிறேன்.