உட்கார்ந்து எடுத்த அளவு

மூன்றாம் நாளே சங்கிலி கடித்துவிட்டது
வலது காலின் ஓரத்தை.
டாலா படகுத்துறைச் சரிவு.
பக்கத்து இருக்கையில்
இளஞ்சிவப்பு அங்கியில் ஒரு பிக்குணி,
மடியில் இரண்டு பப்பாளி.
சைக்கா நின்றது.
பப்பாளி நிற்கவில்லை.

மற்றவர்கள் லுங்கியை மடித்துச் செருகி மிதிக்கிறார்கள்.
என்னிடம் லுங்கி இரண்டு, பேண்ட் நான்கு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், பன்சோடான் தெருவில்
கப்பல் சரக்குக் கணக்கு எழுதிய ஒன்பது வருடம்
விட்டுப்போன சொத்து அது:
மூன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.
முழுச் சம்பளம் அரையானது,
அரை காலானது.
அதற்கும் கீழே நம் கணக்கில் மாகாணி இருக்கிறது;
அதுவரை அவர்கள் காத்திருக்கவில்லை.

பதிவேட்டில் மா தின் தின், வீட்டில் காசாம்பு,
வெற்றிலைக் கடையை மூடிவிட்டு வந்த இரவு
அவள் கத்தரிக்கோலை இரவல் கேட்டேன்.
காம்பு நறுக்கிப் பழகியது.
துணியைக் கொடுத்தால் மென்றது, வெட்டவில்லை.
கோடு போடச் சாக்கட்டி ஏது?
அவளுடைய சுண்ணாம்புக் குச்சியால் இழுத்தேன்
கறுப்பின்மேல் வெள்ளையாய்.

முதலில் சுவரோரம் நின்று அளந்தேன்.
முட்டிக்கு ஒரு விரல் கீழே, கச்சிதம்.
"உட்காரு பார்ப்போம்" என்றாள்.
உட்கார்ந்தேன்.
நான்கு விரல் மேலே ஓடிவிட்டது கோடு.

நிற்கிறவனுக்கு எடுத்த அளவு
மிதிக்கிறவனுக்கு ஆகாது.
வீட்டுக்கடியில் பூட்டியிருந்த சைக்காவில் ஏறி
வலது முட்டியை உச்சிக்குத் தூக்கி நிறுத்தினேன்.
அவள் டார்ச் பிடித்தாள். புதுக் கோடு.
கொசுவுக்கு நல்ல விருந்து.

மடிப்புக்கு இரண்டு விரல் விட்டு வெட்டினேன்.
ஒரு முறை மடித்து, அதன்மேல் இன்னொரு முறை,
பிசிறு உள்ளே போய் ஒளிந்துகொள்ள.
நூல் கோத்துத் தந்தது மட்டும் அவள்.
எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியும்,
அந்த அறிவையே கால் சுற்றளவுக்கு நீட்டினேன்:
முன்னே ஒரு எட்டு, பின்னே அரை எட்டு,
படகுக்கு வரிசை நகர்வதுபோல.

போட்டுப் பார்த்தால்
ஒரு காலுக்கு வெண்ணெய், ஒரு காலுக்குச் சுண்ணாம்பு.
வலது கால் அரை விரல் குட்டை.
"இடதிலும் கொஞ்சம் எடுத்தால் சரியாகிவிடும்."
கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.
"விடிவதற்குள் கோவணமாகிவிடும். படு."

படுக்கவில்லை.
வெட்டி விழுந்த இரண்டு குழாயையும் எடுத்து
பழைய ஓரத்தைப் பிரித்தேன்.
ஒரு ஸ்டேப்ளர் பின், கொஞ்சம் ஆற்று மணல்.
உள்மடிப்பில் துணி இன்னும்
கடையில் வாங்கிய நாளின் கறுப்பு.
அப்படியானால் இத்தனை வருடமாய்
கறுப்பு என்று நான் தேய்த்துப் போட்டது
வேறு ஏதோ நிறம்.

ஒரு குழாயில் இலவம்பஞ்சு அடைத்து
முனைகளைத் தைத்துச் சைக்கா இருக்கையில் கட்டினேன்.
இன்னொன்றைக் காசாம்பு சில்லறைப் பையாக்கிக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு வியாழக்கிழமை
படகிலிருந்து இறங்கினார் ஊ தேங் ஹான்,
என் பழைய மேலாளர்.
பாலம் வரும் பக்கம் மனை பார்க்க வந்தாராம்.
முகம் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.
அப்புறம் அவர் கண்ணுக்கு முன்னால்
என் வலது முட்டிதான்,
ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

பாதி வழியில் பேசினார்:
"மெத்தை நன்றாயிருக்கிறதே. என்ன துணி?"
"ஆபீஸ் துணி" என்றேன்.

இறங்கும்போது இரண்டாயிரம் கியாட் நீட்டி
மீதி கேட்காமல் போனார்.
மனையில் முழங்கால்வரை தண்ணீர்.
பேண்டைச் சுருட்டிக்கொண்டே நடந்தார்,
வலது மேலே நிற்க, இடது நழுவி நழுவி.

கறுப்பு மூன்றையும் வெட்டியாயிற்று.
மூன்றாவது ஏறக்குறையச் சமம்.
சாம்பலை மட்டும் தொடவில்லை.
ஏன் என்று காசாம்பு கேட்பதில்லை.
கத்தரியை இப்போதெல்லாம் ஆணியில் மாட்டிவைக்கிறாள்,
என் கைக்கு எட்டும் உயரத்தில்.