நாற்பத்தேழு அங்குலம்

குளம் வான் பாயத் தொடங்கி ஒன்பதாம் நாள்.
கட்டில் ஏறி மறுபக்கம் இறங்கி
ஆற்றுக்குள்ளால் நடந்தோம்.
பற்றைக்குள் பாதை இல்லை, ஆறுதான் பாதை.
முழங்கால் வரை தண்ணீர்,
சில இடத்தில் இடுப்பைக் கேட்டது.

தையல் ஆலைக்குப் போயா விடுமுறை.
ஏழாம் லைன் முழுக்க வருவதாய்ச் சொல்லி
வந்தது நாலு பேர்:
நான், பிறேமினி, அவள் தம்பி நிறோஜன்,
பிறகு லோகேஸ்வரி,
சோற்றுப் பார்சலைத் தலையில் வைத்துக்கொண்டு.

எங்கள் ஆறு அவசரப்படாது.
மணலை இந்தக் கரையில் எடுத்து
அந்தக் கரையில் வைத்துப் பார்க்கும்.
பிடிக்காவிட்டால் அடுத்த மாரியில் மாற்றும்.
மருத வேர்களுக்கு அடியில் இருட்டு.
முதலைக்குப் பயந்த நிறோஜன்
தடியால் தட்டித் தட்டி முன்னே போனான்.
தட்டிய இடமெல்லாம்
யப்பான் மீன்குஞ்சுகள் கலைந்து ஓடின.
முதலை இருந்திருந்தால்
அதுவும் சிரித்திருக்கும்.

இரண்டு மணித்தியாலம்.
அட்டை இரண்டு, உண்ணி கணக்கில்லை.
பிறகு இரைச்சல் கேட்டது.

ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கரும்பாறை
எருமை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.
அதன் விலாவில் தண்ணீர் விழுந்தது.
கீழே மடு, தேயிலைச் சாய நிறத்தில்.

"அருவி!" என்றாள் பிறேமினி.
"போடி, இது வான் தண்ணி" என்றான் தம்பி.
மன்னார்ப் பக்கம் அருவியாறு என்று
ஓர் ஆறே ஓடுகிறது.
அதில் நான் அருவியைக் கண்டதில்லை.
தட்டையான நாட்டுக்காரர் நாங்கள்,
எங்களுக்கு உயரம் என்றால் குளக்கட்டு.
ஆகவே மூவரும் திரும்பினோம்:
"லோகா, நீ சொல்லு.
நீதானே மலைநாட்டுக்காரி."

அவள் பார்சலைப் பாறையில் வைத்தாள்.
ஓர் எறும்பை ஊதிவிட்டாள்.

"நான் பிறந்தது தருமபுரம்.
அப்பா வந்தது எட்டு வயசுல, லொறியில.
கலவரத்துக்குப் பிறகு யாரும் திரும்பிப் போகல்ல.
அருவி எப்படி இருக்கும்னு கேட்டா
கிணத்தடியில வாளியத் தலைக்கு மேல தூக்கி
அப்படியே கவுப்பாரு.
எனக்குத் தெரிஞ்ச அருவி
ஒரு வாளி."

ஆறு வருடம்
அடுத்தடுத்த மெசினில் இருக்கிறோம்.
ஒரே கத்தரிக்கோல், ஒரே தேநீர்க் கோப்பை.
ஆறு வருடமாய் அவளை
"மலைநாடு" என்று கூப்பிட்டவள் நான்.
அன்பாகத்தான்.
அன்பாகத்தான் என்று
தண்ணீருக்குள் நின்று யோசித்தேன்.
கால் குளிர்ந்தது.

அவள் காத்திருக்கவில்லை.
பாவாடையைச் செருகிக்கொண்டு
வழுக்கி, ஒருமுறை விழுந்து, எழும்பி
விழும் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தாள்.
முகம் மறைந்தது. தோள் மட்டும்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பிறேமினி பயந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

மூச்சு வாங்க வெளியே வந்தவள் கத்தினாள்:
"வாளி முடியுதே இல்ல!"

அதன்பிறகு ஒருவரும் கரையில் இல்லை.
நிறோஜன் பாறையிலிருந்து குதித்தான்,
வயிறு அடிபட்டு, பெரியாள் போல நடித்தான்.
நான் மல்லாந்து மிதந்தேன்.
காதுக்குள் தண்ணீர் போனதும்
காடு முழுவதும் சத்தம் நின்றது.
மேலே வீரை மரம்,
அதில் ஒரு மந்தி
எங்கள் பார்சலையே பார்த்துக்கொண்டு.

புறப்படும் நேரம்
லோகா பையைத் துழாவினாள்.
தையல் நாடா.
பாறை விளிம்பில் ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னாள்.
மறு நுனியோடு தண்ணீருக்குள் இறங்கி
கண்ணைச் சுருக்கி வாசித்தாள்:
நாற்பத்தேழு.
"நாலடிக்கு ஓர் அங்குலம் குறையுது" என்றேன்.
"மழை பெய்யட்டும்" என்றாள்.

மறுநாள் ஏழாம் லைன்.
மெசின்களின் இரைச்சலுக்குள்
அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து
காதை உள்ளங்கையால் தட்டினாள்.
சூப்பர்வைசர் என்னவென்று கேட்டார்.
"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்"
என்றுவிட்டு
அடுத்த கொலரை எடுத்தாள்.