ஜூலை பத்தொன்பது

நான்கு பேர் ஒன்றாய்ப் பேசினால்
"குறுக்கீடு" என்று எழுதுவோம்.
சிரித்தால் "சிரிப்பு".
பேசாமல் இருந்ததற்குக் குறி இல்லை.

ஆகஸ்ட் புழுக்கம். பென்சில் வழுக்குகிறது.
சுருக்கெழுத்தில் ஒரே கோடுதான்:
அழுத்தினால் ஒரு சத்தம்,
லேசாக இழுத்தால் இன்னொன்று.
என் பாளையங்கோட்டைத் தமிழில்
இரண்டுக்கும் ஒரே எழுத்து.
எட்டு வருஷமாக இந்த அழுத்தத்துக்குத்தான் சம்பளம்.

இன்றோடு மூன்று நாள், குடிமகன் யார் என்று.
எல்லை தாண்டி வந்தவர்களில்
போன வருஷம் ஜூலை பத்தொன்பதுக்கு
முன் வந்தவர் நம்மவர்.
பின் வந்தவர் மனுப் போட வேண்டும்.
தாராளம் என்றார் ஓர் உறுப்பினர்.
கஞ்சத்தனம் என்றார் பக்கத்தில் இருந்தவர்.
தேதியே வேண்டாம் என்றவர்
தண்ணீர் கேட்டார்.
தண்ணீரை நான் எழுதவில்லை.
"ஆம்" என்ற குரல்கள் ஓங்கின. ஏற்கப்பட்டது.

கரோல் பாகில், மாடிப்படிக்குக் கீழே,
ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள் ஹர்பன்ஸ் கௌர்.
லயால்பூரிலிருந்து அவள் வந்து சேர்ந்தது
ஜூலை இருபத்திரண்டு.
லாரியில் மழை, மூத்தவனுக்குக் காய்ச்சல்,
பாலத்தடியில் நான்கு ராத்திரி.
தேதியை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"பாபுஜி, இன்றைக்கு என்ன எழுதினீர்கள்?"

மனுவுக்கு அவள் பாஷையில் என்ன வார்த்தை என்று
எனக்குத் தெரியும். வாய் வரவில்லை.
மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

மாடியில் நோட்டைத் திறந்தேன்.
எத்தனை கோடுகள், வளைவுகள், புள்ளிகள்.
எண்களை மட்டும் சுருக்க முடியாது,
உள்ளபடியே எழுத வேண்டும்.

வெள்ளைத்தாளும் மசிக்கூடுமாய்க் கீழே இறங்கி,
"மூத்தவன் முழுப்பெயர் என்ன?"
என்று ஆரம்பித்தேன்.