களப்பயிற்சிக் குறிப்பு: ஏழாம் வாரம்

இடம்: அம்பாறை, பயிர்ச்சேத விசாரணை மேசை.
திசை: தமிழிலிருந்து சிங்களம், மறுதலையாகவும்.
நேரம்: ஒன்பதே கால் தொடக்கம்
தேத்தண்ணி வரும் வரை.

கல்முனையில் ஏறி
சம்மாந்துறை வயல் முழுக்க நின்றபடி வந்ததில்
கால் உளைந்தது.
குறிப்பேட்டில் நீங்கள் பழக்கிய அடையாளங்கள் தயார்:
வந்தால் ஓர் அம்பு,
போனால் எதிர் அம்பு,
இழந்தால் சுழியம்.

இறக்காமத்து ஆதம்லெப்பை
கதிரை நுனியில் இருந்தார்.
தொப்பியைக் கழற்றி, மடித்து, திரும்பப் போட்டார்.
"நேத்து ராவு பெரியவர் வந்துட்டுப் போனார்."

பேசுபவரின் தொனியில் கை வைக்காதே,
இரண்டாம் வார வகுப்பு.
தொனியில் மரியாதை இருந்தது, பயமும்.
நான் சொன்னேன்:
லொக்கு மாத்தயா ஆவா.

விமலதாச பேனையை மூடினார்.
எனக்கு முதல் வந்து பார்த்தது யார்?
எந்தக் கந்தோர்?

கோபத்தையும் அளந்து ஊற்றிக் கேட்டேன்:
எந்தக் கந்தோர்?
"எனக்கென்ன தெரியும் மகள்,
காட்டுப் பக்கமிருந்துதான் வாறது."

அதையும் பிசகாமல் கொடுத்தேன்.
வனத் திணைக்களமா! என்றார் அவர்.
அவங்களுக்கு வயலில் என்ன வேலை?
கையெழுத்து வைத்தாரா?

"கையெழுத்தா?
கால்தான் வச்சிருக்கார், வரம்பு நெடுக.
ஒவ்வொண்டும் சுளகளவு."

சுளகுக்குக் குல்ல என்று
நான் சொல்லி முடிக்கவில்லை,
விமலதாச யன்னலைப் பார்த்தார்.
பிறகு என்னை விட்டுவிட்டு
மேசைக்கு மேலால் குனிந்து
மெல்லக் கேட்டார்:
அர கெனாத?

அந்த ஆளா என்று
நான் வாயெடுக்க முன்னமே
ஆதம்லெப்பை தலையாட்டிவிட்டார்.
தமணயில் தன் தாயும்
இருட்டினால் அந்தப் பேரைச் சொல்லமாட்டாள்,
சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடும்
என்று அவர் எனக்குச் சொன்னது
தேத்தண்ணி குடிக்கும்போது.

அதன்பிறகு பதினொரு நிமிடம்
எனக்கு வேலை இல்லை.
இவர் மேசை உயரத்தில் கையைப் பிடித்தார்,
குட்டியும் இருந்ததோ?
அவர் இரண்டு விரல் காட்டினார்.
குடலைப் பயிரை உருவி வாயில் வைப்பதைக்
கையாலேயே செய்தார்.
விமலதாச நாக்கைத் தட்டினார்.
படிவத்தின் மூன்றாவது பெட்டியில்
சத்தமில்லாமல் சரி போட்டார்.
என் தாளில் ஒரே ஓர் அம்பு,
அதற்கு நேரே, தவறாக,
ஒரு தொப்பி வரைந்திருந்தேன், அதிகாரித் தொப்பி.

நீங்கள் தந்த கேள்விகள்:
விடுபட்டது என்ன? ஒரு சொல்.
விட்டது யார்? இருவரும் சேர்ந்து.
திருத்தினீரா?
இதை எழுதும்போது மணி பதினொன்று,
வெளியே நாய் குரைக்கிறது.
நானும் எழுதவில்லை.

போகும்போது ஆதம்லெப்பை கேட்டார்,
"காசு எப்ப வரும் மகள்?"
சொல்லுக்குச் சொல் சரியாக மாற்றினேன்.
விமலதாச நீண்ட நேரம் பதில் சொன்னார்:
கொழும்பு, சுற்றறிக்கை, கிராம சேவகர்,
புகைப்படம் நான்கு, அடுத்த காலாண்டு,
மீண்டும் கொழும்பு.

இன்னும் தெரியாதாம், என்றேன்.

சுருக்கம் கூடிவிட்டது.
புள்ளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.